தந்தைகளின் பட்டியலும் ஆசாரிபள்ளம் பஸ்ஸும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கிறவர்கள் இப்போது படியுங்கள், இல்லாதவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படியுங்கள். படிக்காமலே 'அருமை டீச்சர்' என்று போடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும்.

ஜூலை 1, டாக்டர்கள் தினத்தன்று 'மருத்துவ உலகின் முன்னோடிகள்' என்று ஒரு படத்தொகுப்பு சுற்றியது. எனக்கு மட்டும் ஏழு பேர் அனுப்பினீர்கள். அதில் இரண்டு பேர் இப்போது ஆசிரியர்கள். தாடி வைத்த ஆண்கள் வரிசையாக நிற்கிறார்கள். ஒவ்வொருவர் காலடியிலும் ஒரு வரி: தடுப்பூசியின் தந்தை, நுண்ணுயிரியலின் தந்தை, அறுவை சிகிச்சையின் தந்தை. ஒரு மூலையில் கையில் விளக்கோடு ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல். இத்தனை தந்தைகள் இருக்கும் வீட்டில் ஒரே ஒரு அம்மா, அவரும் விளக்குப் பிடிக்க!

'இதில் என்ன தப்பு டீச்சர், நல்ல விஷயம்தானே?' என்று ஒருத்தி கேட்டிருந்தாள். தப்பு இருக்கிறது மக்கா. அந்தப் பெரியவர்கள் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. ஒரு மனிதன், ஒரு நாள், ஒரு கண்டுபிடிப்பு, உடனே உலகம் பிழைத்தது என்று அந்தப் பட்டியல் சொல்லும் கதைதான் பொய். அந்தப் பொய்யால் நம்ம ஊரில் ஆள் சாகிறான். மிகைப்படுத்திச் சொல்லவில்லை, மேலே படியுங்கள்.

அந்தப் படத்தொகுப்பில் இரண்டு பேர் ஒரே நோயைச் சேர்ந்தவர்கள். ஒருவர் ராபர்ட் கோக், காசநோய்க் கிருமியைக் கண்டவர். இன்னொருவர் வாக்ஸ்மன், அதற்கு முதல் மருந்து தந்தவர் என்று போட்டிருக்கிறது. இந்த இரண்டு படங்களுக்கும் இடையில் அரை விரல் இடைவெளிதான். நிஜத்தில் 60 ஆண்டுக்கு மேல். 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் கோக் கிருமியை எடுத்துக் காட்டினார். மறுநாள் ஒரு நோயாளிகூட அதனால் எழுந்து உட்காரவில்லை. 1890-இல் அவரே ட்யூபர்குலின் என்று ஒன்றைக் கொண்டுவந்து இதுதான் மருந்து என்றார். கூட்டம் கூட்டமாக ஓடிப் போனார்கள். அது குணப்படுத்தவில்லை. பிற்பாடு தோலில் ஊசி போட்டு நோய்த்தொற்று இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையாகத்தான் அது பயன்பட்டது. இதைப் பட்டியல் சொல்லாது. தந்தை தவறலாமா?

சரி, அந்த 60 ஆண்டும் சயரோகக்காரர்களை யார் பார்த்துக்கொண்டார்கள்? மருந்தே இல்லாத நோய்க்கு மருத்துவமனை கட்டியவர்கள். காற்று, வெயில், ஓய்வு, முட்டை, பால். இவ்வளவுதான் அவர்கள் கையில் இருந்தது. தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் எத்தனை முறை ஏறி இறங்கியிருப்பீர்கள்! 1928-இல் டேவிட் சவுரி முத்து என்ற தமிழ் மருத்துவர் அங்கே தொடங்கிய சிறிய சானடோரியம்தான் அந்த ஸ்டேஷனுக்குப் பெயர் தந்தது. அவர் இங்கிலாந்தில் மெண்டிப் மலையில் சானடோரியம் நடத்தியவர். கணிதமேதை ராமானுஜனே சில காலம் அங்கே அவர் பார்வையில் இருந்தார்.

தாம்பரம் கிடக்கட்டும். கோட்டாற்றிலிருந்து பஸ் ஏறினால் கால் மணி நேரத்தில் வரும் ஆசாரிபள்ளத்துக்கு வாருங்கள். இன்று கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி நிற்கும் அந்த வளாகம் முன்பு காசநோய் மருத்துவமனை. என் சின்ன வயதில் ஆசாரிபள்ளம் என்ற பெயரையே பெரியவர்கள் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். பெண் பார்க்கும் இடத்தில் அந்த வார்த்தை வந்தால் பேச்சு நின்றுவிடும். இன்று அதே இடத்துக்கு எம்.பி.பி.எஸ். சீட் வாங்க நம்ம பிள்ளைகள் ராப்பகலாக நீட் படிக்கிறார்கள். ஆனால் நாகர்கோவிலுக்குக் காசநோய் சானடோரியத்தைக் கொண்டுவந்தவர் யார் என்று கேட்டால் ஏழு பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அவர் பெயர் டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ்.

1886-இல் கோட்டயம் பக்கம் அய்மனத்தில் பிறந்தவர். அப்பா டி. இ. புன்னன் திருவிதாங்கூரின் முதல் மருத்துவப் பட்டதாரி, அரண்மனை வைத்தியர். அப்படிப்பட்டவரின் மகளுக்கே திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் அறிவியல் பிரிவில் இடம் கிடைக்கவில்லை. காரணம் மதிப்பெண் இல்லை, பெண் என்பது. வரலாறு எடுத்துப் பட்டம் வாங்கினார். பிறகு லண்டன் போய் மருத்துவம் படித்தார். டப்ளினில் மகப்பேறு மருத்துவத்தில் பயிற்சி எடுத்தார். 1916-இல் திரும்பி வந்து திருவனந்தபுரம் தைக்காட்டில் மகளிர், குழந்தைகள் மருத்துவமனைப் பொறுப்பை ஏற்றார்.

அறிவியல் டீச்சராக நான் இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுதான் போவேன். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனால் செத்துப் போவாள் என்று நம்பிய காலம் அது. லண்டன் பட்டம் வைத்திருந்த அந்த அம்மா என்ன செய்தார்? ஊரில் பிரசவம் பார்க்கும் மருத்துவச்சிகளை விரட்டவில்லை. அவர்கள் வீட்டுப் பெண்பிள்ளைகளையே கூப்பிட்டுப் பயிற்சி கொடுத்தார். மருத்துவச்சிக்குப் பிழைப்பு போகவில்லை, பகையும் வரவில்லை, அவள் மகளே ஆஸ்பத்திரிக்கு ஆள் கூட்டி வந்தாள். இது ஒரு கண்டுபிடிப்பு இல்லையா? நுண்ணோக்கியில் பார்த்தால்தான் கண்டுபிடிப்பா?

1938-இல் திருவிதாங்கூரின் சர்ஜன் ஜெனரல் ஆனார். 32 அரசு மருத்துவமனைகளும் 40 மருந்தகங்களும் அவர் பொறுப்பில் இருந்தன. நாகர்கோவிலில் காசநோய் சானடோரியம், திருவனந்தபுரத்தில் எக்ஸ்ரே, ரேடியம் நிலையம் என்று அவர் தொடங்கியவை பல. 1975-இல் பத்மஸ்ரீ, மறு ஆண்டு மறைவு. அமெரிக்காவுக்கு முதல் பெண் சர்ஜன் ஜெனரல் 1990-இல்தான் கிடைத்தார் என்று சிலர் ஒப்பிட்டுப் பெருமைப்படுவார்கள். அதை ஃபார்வர்டு செய்யாதீர்கள். பெயர் ஒன்று, பதவி வேறு. அந்த அம்மாவுக்கு இந்தப் பொய்ப் பெருமை தேவையில்லை.

இவ்வளவு செய்தவரை நமக்கு ஏன் தெரியாமல் போனது? எனக்கு ஒரே காரணம்தான் தெரிகிறது. 1956 நவம்பர் 1 அன்று நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். சேர்ந்தது நியாயம், அதற்காகச் சிறை போனவர்களும் உயிர் விட்டவர்களும் நம்ம மண்ணில் உண்டு. ஆனால் எல்லைக் கல்லை நடும்போது நினைவையும் சேர்த்தா வெட்ட வேண்டும்? கேரளம் அவரைத் தன் மகள் என்று கொண்டாடுகிறது. நமக்கோ அவர் 'மலையாளத்து டாக்டரம்மா', அவர்கள் ஆள். அவர் கொண்டுவந்த சானடோரியத்தில் இருமிக் கிடந்தவர்கள் யார் ஆட்கள்? தோவாளைக்காரனும் அகஸ்தீஸ்வரத்துக்காரனும்தானே?

நெய்யூர் ஆஸ்பத்திரியின் சோமர்வெல் டாக்டரை நிறையப் பேருக்குத் தெரியும். 1924-இல் எவரெஸ்டில் ஆக்சிஜன் இல்லாமல் 28,000 அடிவரை போனவர். எங்கே கேட்டாலும் அந்த மலைக் கதைதான் வரும். வெற்றிலை, புகையிலை போட்டு வாயில் புற்று வந்தவர்களையும், குடல் புண்ணோடு வந்தவர்களையும் வருஷக்கணக்கில் அறுத்துப் பார்த்தாரே, அந்தக் கதை வராது. மலை ஏறினால் நினைவிருக்கும், வார்டில் நடந்தால் மறந்துபோகும். அவர் வருவதற்கு முன்பே, 1838-லிருந்து, அந்த ஆஸ்பத்திரி இருந்தது என்பதும் அப்படித்தான்.

இனி அடுத்த தந்தைக்கு வருவோம், வாக்ஸ்மன். 1943 அக்டோபரில் அமெரிக்காவில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்து அடித்தள அறையில் ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டெடுத்தது ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற 23 வயது மாணவன். எருப் போட்ட மண்ணிலிருந்தும் ஒரு கோழியின் தொண்டையிலிருந்தும் எடுத்த நுண்ணுயிர் அது. காசநோய்க் கிருமியோடு வேலை செய்கிறவன் என்பதால் அவனை மற்றவர்களோடு சேர்க்காமல் கீழே தனியாக வைத்திருந்தார்கள். புகழும் காப்புரிமைப் பணமும் பேராசிரியரிடம் போனது. மாணவன் 1950-இல் கோர்ட்டுக்குப் போக வேண்டி வந்தது. சமரசத்தில் அவனும் இணைக் கண்டுபிடிப்பாளன் என்று ஒத்துக்கொண்டார்கள். இருந்தும் 1952 நோபல் பரிசு பேராசிரியர் ஒருவருக்கே. மாணவன் செய்ததை ஆசிரியர் தன் பெயரில் வைத்துக்கொண்ட கதையை ஒரு ஆசிரியை சொல்லாமல் வேறு யார் சொல்வது? உங்கள் படத்தொகுப்பிலும் பேராசிரியர்தான் இருக்கிறார், பையன் இல்லை.

மருந்து கிடைத்தது, நோய் ஒழிந்தது என்று அங்கேயும் கதை முடியவில்லை. 1940-களின் கடைசியில் பிரிட்டனில் 107 நோயாளிகளிடம் அதைச் சோதித்தார்கள். யாருக்கு மருந்து, யாருக்குப் படுக்கை ஓய்வு மட்டும் என்பதை மருத்துவர் விருப்பப்படி விடாமல், குலுக்கல் போல முன்கூட்டியே முடிவு செய்து மூடிய உறையில் வைத்தார்கள். பிராட்ஃபோர்டு ஹில் என்ற புள்ளியியலாளர் செய்த ஏற்பாடு அது. ஆறு மாதத்தில் மருந்து எடுத்தவர்கள் பிரமாதமாகத் தேறினார்கள். பிறகு பலருக்கு நோய் திரும்பியது. ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தால் இரண்டு கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. என்ன நடந்தது? ஒரே மருந்தைக் கொடுத்தால் அதற்கு அடங்காத சில கிருமிகள் மட்டும் உள்ளே பிழைத்துப் பெருகிவிடும். அதனால்தான் இன்றும் காசநோய்க்கு ஒரு மாத்திரை போதாது. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்து. இருமல் நின்ற பிறகும் ஆறு மாதம் முடிய ஏன் சாப்பிட வேண்டும் என்பதற்கும் காரணம் இதுதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். எந்தப் பட்டியலிலும் படம் இல்லாதவர்கள் செய்த வேலை இது.

1956. நாம் தமிழ்நாட்டில் சேர்ந்த அதே ஆண்டு. சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்குகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் எல்லாம் கூட்டு. தலைமைக்கு வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேயர். இன்று அதுதான் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது: நாட்டில் நோயாளிகள் பல லட்சம், படுக்கையோ அதில் ஒரு மூலைக்குக்கூடப் போதாது. வீட்டிலேயே வைத்து மாத்திரை கொடுத்தால் என்ன ஆகும்?

சென்னை நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேர். குலுக்கல் முறையில் பாதிப்பேர் சானடோரியத்துக்கு, பாதிப்பேர் வீட்டுக்கு. இரண்டு பேருக்கும் ஒரு வருஷம் அதே மருந்து. சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, படுக்கை, ஓய்வு. வீட்டில் ஒரே அறையில் ஆறேழு பேர், அரைவயிறு, சிலர் வேலைக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். சுகாதாரப் பார்வையாளர்கள் சந்து சந்தாகப் போனார்கள். சொல்லாமல் கொள்ளாமல் கதவைத் தட்டி, மிச்ச மாத்திரையை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போனதா என்று பார்த்தார்கள். 1959-இல் முடிவு வெளியானது. குணமானவர்கள் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு. அதைவிடப் பெரிய சேதி, வீட்டில் வைத்துப் பார்த்த நோயாளிகளின் குடும்பத்தார் அதனால் கூடுதலாக நோய்ப்படவில்லை. அதைக் கண்டுசொல்ல அந்தக் குடும்பங்களை ஐந்து ஆண்டு தொடர்ந்து பார்த்தார்கள். தொற்று பெரும்பாலும் நோய் இன்னதென்று தெரியுமுன்பே நடந்துவிடுகிறது. ஒழுங்காக மருந்து தொடங்கிய ஆள் சீக்கிரமே ஆபத்தில்லாதவர் ஆகிவிடுகிறார்.

உலகமே காசநோயைப் பார்க்கும் விதத்தை மாற்றியது சேத்துப்பட்டு. பணக்கார நாடுகள்கூடச் சானடோரியங்களை மூடத் தொடங்கின. மேரி லூக்கோஸ் கொண்டுவந்ததைச் சென்னையின் ஏழைகள் தேவையில்லாமல் ஆக்கினார்கள் என்றும் சொல்லலாம். அதனால் லூக்கோஸ் சின்னவர் ஆகிவிடுவாரா? கையில் மருந்தே இல்லாத காலத்தில் இருமுகிறவனுக்கு ஒரு கட்டில் போட்டுக் கொடுத்தவர் அவர். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் கட்டில் வேண்டாம் என்று சோதித்து நிரூபித்தார்கள். இரண்டும் ஒரே வேலையின் முன்பாதியும் பின்பாதியும்.

இதைக் குடும்பக் குழுவில் சுருக்கமாகப் போட்டதும் என் கொழுந்தனார் ஒருவர், 'மைனி, இதெல்லாம் நம்ம சித்தர்கள் எப்பவோ சொல்லியாச்சு' என்றார். அவர் இதையும் படிப்பார், மரியாதையோடே சொல்கிறேன். சயத்தைப் பற்றி நம்ம பழைய வைத்தியர்கள் எழுதியிருக்கிறார்கள், நன்றாகவே கவனித்திருக்கிறார்கள். கோட்டாற்றில் ஆயுர்வேதக் கல்லூரி இருப்பதில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் நோயை வர்ணிப்பது வேறு. மருந்து கொடுத்தவர் எத்தனை பேர், பிழைத்தவர் எத்தனை பேர், கொடுக்காமலே பிழைத்தவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்ப்பது வேறு. சேத்துப்பட்டில் எண்ணினார்கள். எண்ணியதால்தான், 'நல்ல சாப்பாடும் நல்ல காற்றும் இல்லாமல் சயம் தீராது' என்று மேல்நாட்டு வைத்தியம் பிடித்து வைத்திருந்த நம்பிக்கையும் உடைந்தது. வெள்ளைக்காரனுடைய நம்பிக்கையையும் அது விட்டுவைக்கவில்லை, கொழுந்தனாரே.

இன்னொருவர் நேர் எதிர்ப்பக்கம்: 'வெள்ளைக்காரன் வராவிட்டால் நமக்கு மருத்துவமே இல்லை.' அப்படியா? மாத்திரை எண்ணப் போன சுகாதாரப் பார்வையாளர் எந்த ஊர்? தினம் தவறாமல் விழுங்கி, சிறுநீர் கொடுத்து, ஐந்து வருஷம் கதவைத் திறந்த குடும்பங்கள் எந்த ஊர்? இரண்டு கட்சிக்காரர்களுக்கும் ஒரே வியாதி. யாராவது ஒரு பெரியவர் காலில் விழ வேண்டும், அவ்வளவுதான். ரிஷியா துரையா என்பதில் மட்டும் சண்டை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். நான் படிப்பித்த பையன் ஒருவன். பெயர், தெரு எதுவும் சொல்லப் போவதில்லை, யாரும் கேட்கவும் வேண்டாம். வண்டி ஓட்டுகிறான். காசநோய் என்று தெரிந்து மாத்திரை தொடங்கினான். இரண்டாவது மாதம் இருமல் நின்றது, உடம்பில் சதை வைத்தது. வீட்டில் தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாத்திரை அட்டையை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று அரிசிப் பானைக்குள் வைத்தார்கள். சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வருவது அக்கம்பக்கத்தில் தெரிந்துவிடும் என்று வர வேண்டாம் என்றார்கள். மூன்றாவது மாதம் மாத்திரையும் நின்றது. 'அதான் சரியாயிட்டே டீச்சர்' என்று என்னிடமே சொன்னான். இப்போது அவனுக்கு இருப்பது முதல் வரிசை மருந்துகளுக்கு அடங்காத காசநோய்.

அவன் பத்தாம் வகுப்பில் கோக், ஆண்டு 1882 என்று சரியாக எழுதி மதிப்பெண் வாங்கியவன். கிருமியைக் கண்டுபிடித்தவர் பெயர் தெரியும். மருந்தைப் பாதியில் விட்டால் கிருமி என்ன செய்யும் என்று 107 பேரிடம் கண்ட கதை தெரியாது. தனித் தட்டு, தனி டம்ளர் வைத்து அவனை ஒதுக்கிய அவன் அத்தைக்கும், இந்த நோய் தட்டில் வராது, காற்றில்தான் வரும், மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிற ஆளைக் கண்டு பயப்பட வேண்டாம் என்று சேத்துப்பட்டு சொன்னது தெரியாது. அந்தப் படத்தொகுப்பை அவனும் எனக்கு அனுப்பியிருந்தான், தெரியுமா? ஏழு பேரில் அவனும் ஒருவன்.

மருந்து இலவசம். சளிப் பரிசோதனை இலவசம். 2024 நவம்பரிலிருந்து சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் அரசு தருகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு என்று உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்தால் ஆசாரிபள்ளம் பஸ்ஸில் ஏறுங்கள். யார் பார்த்தாலும் பார்க்கட்டும். வெட்கப்படுகிறவர்கள் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள், கூட வருகிறேன். பென்ஷன்காரிக்கு நேரம் நிறைய இருக்கிறது.

அடுத்த ஜூலை 1-க்கும் அந்தப் படத்தொகுப்பு வரும், எனக்குத் தெரியும். கோபித்துக்கொண்டு குழுவை விட்டுப் போக மாட்டேன். ஒவ்வொரு படத்துக்கும் கீழே கேட்பேன்: இவர்கூட யார் வேலை செய்தார்கள்? எத்தனை பேரிடம் சோதித்தார்கள்? அது நம்ம ஊருக்கு எந்த வருஷம், யார் கையால் வந்து சேர்ந்தது? பதில் தெரியாமல் படம் போட்டவர்களை எழுப்பி நிறுத்துவேன், வயது நாற்பதானாலும் சரி.

மருத்துவக் கல்லூரி வளாகத்தில் டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ் பெயரைச் சொல்லும் பலகை ஒன்று, எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி தமிழில் வைக்கச் சொல்லி மனு எழுதியிருக்கிறேன். அங்கே வேலை பார்க்கிற நம்ம பிள்ளைகள் மூன்று பேர் இதைப் படிக்கிறீர்கள், யாரிடம் கொடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். கையெழுத்துப் போட வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் வீட்டுக்கு வரலாம். கோட்டாறு சந்தைக்கு வருகிற வழிதானே. பேனா கொண்டு வாருங்கள், போன வருஷம் வந்தவர்கள் என் பேனாவையெல்லாம் கொண்டுபோய்விட்டீர்கள்.